அயல் வீட்டுத் தீ

பிறர் வீட்டில் பற்றிய தீயை அணைப்பது நம் கடமையா, அன்றி நாம் மனமிரங்கிச் செய்யும் உபகாரமா? கேட்பதற்கு எளிய கேள்விதான். 'இதில் ஐயம் என்ன? ஓடிச்சென்று அணைக்க வேண்டியதுதானே!' என்று எவரும் விடை கூறிவிடுவர். ஆனால் அவ்விடையோடு நின்றுவிடாமல் சற்று ஆழ்ந்து நோக்குவோமாயின், அதற்குள் பல முடிச்சுகள் கிடப்பது விளங்கும். உபகாரம் என்று கொண்டால், செய்தவன் நன்றிக்குரியவன், செய்யாதவன்மீது குற்றமில்லை. கடமை என்று கொண்டாலோ, செய்தவனுக்குத் தனிப் புகழில்லை, செய்யாதவன் குற்றவாளியாவான், அவனைக் கட்டாயப்படுத்தவும் சமூகத்துக்கு உரிமையுண்டாகும். இவ்விரண்டில் எதை ஏற்கின்றோம் என்பதைப் பொறுத்து, மனிதர் ஒருவரோடொருவர் கூடி வாழும் முறையே வேறுபட்டுவிடும்.

அமைதிக் காலத்தில் இக்கேள்வி நம்மை வந்து இடிப்பதில்லை. எங்கோ ஓரிடத்தில் எப்பொழுதோ ஒருமுறை தீப்பிடிக்கின்றது. பொம்பா வண்டி வருகின்றது. வேடிக்கை பார்த்தவர் கலைந்து செல்கின்றனர். ஊர் முழுவதும் ஒரே இரவில் பற்றியெரியும்பொழுதுதான், வண்டியும் நீரும் ஆளும் போதாமற்போகும்பொழுதுதான், 'இது யாருடைய தீ?' என்ற கேள்வி உரைகல்லாக வந்து நிற்கின்றது. அத்தகைய இரவுகளை இரண்டாம் உலகப் போரில் பல நகரங்கள் கண்டன. அவற்றுள் லண்டன் மாநகரை முதன்மையாகக் கொண்டு இக்கேள்வியை ஆராய்வோம்.

1940-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் பிற்பகலில் ஜெர்மானிய விமானங்கள் லண்டனின் கீழ்த்திசையிலுள்ள துறைமுகப் பகுதியைத் தாக்கின. அன்று தொடங்கி 57 இரவுகள் இடைவிடாமல் குண்டு விழுந்தது. இடையிடையே ஓய்ந்தும் மூண்டும் அத்தாக்குதல் 1941 மே மாதம் 11-ஆம் நாள் விடியும்வரை நீடித்தது. அவ்வெட்டு மாதங்களில் லண்டனை அழிக்க முயன்றவை பெரிய வெடிகுண்டுகள் மட்டுமல்ல. சின்னஞ்சிறு தீக்குண்டுகளே பேரழிவுக்கு வித்தாயின.

தீக்குண்டு என்பது ஏறக்குறைய ஒரு கிலோ எடையுள்ள, கையில் அடங்கத்தக்க ஒரு குழல். அதன் உடல் மக்னீசியம் என்னும் உலோகத்தால் ஆனது. நூற்றுக்கணக்கில் ஒருங்கே உதிர்க்கப்படும் இக்குழல்கள் ஓட்டைத் துளைத்துக்கொண்டு பரணில் சென்று தங்கும். அங்கே கண்கூசும் வெண்மையான சுடருடன் எரிந்து, சுற்றியுள்ள மரத்தைப் பற்றவைக்கும். வாளி நீரை அதன்மேல் அப்படியே கவிழ்த்தால் சீறித் தெறிக்கும். ஆனால் முதற் சில நிமிடங்களுக்குள் ஒருவர் அருகிற் சென்று மணலைக் கொட்டி மூடிவிட்டால் அதன் கதை முடிந்தது. கால் மணி நேரம் கழிந்துவிட்டாலோ, பத்து இயந்திரங்கள் வந்தாலும் அக்கூரையைக் காப்பது அரிது. அருகில் வருபவரைக் கொல்ல வேண்டுமென்றே சிறிது வெடிமருந்தையும் பின்னர்ச் சில குழல்களுக்குள் வைத்தனர். அப்படியிருந்தும், மணல் வாளியோடு ஓடியவர்கள் ஓடிக்கொண்டேயிருந்தனர்.

மணலைத் தவிர மற்றொரு கருவியும் இருந்தது. வாளிக்குள் நிறுத்தி, வெளியே நீண்டிருக்கும் அடிக்கட்டையைக் காலால் மிதித்துக்கொண்டு, கையால் அடிக்கும் சிறு பம்பு அது. இதைத் தனியொருவன் நடத்துவது கடினம். ஒருவர் பம்பை அடிக்க வேண்டும். ஒருவர் குழாய் முனையைப் பிடித்துக்கொண்டு, புகைக்குள் தரையோடு தரையாக ஊர்ந்து செல்ல வேண்டும். மூன்றாமவர் வாளி வாளியாக நீர் கொணர்ந்து ஊற்ற வேண்டும். தன் வீட்டைத் தானே காத்துக்கொள்வேன் என்று தனித்து நிற்பவன் கையில் இக்கருவி இருந்தும் பயனில்லை. லண்டனின் தெருக்களில் முன்பின் பேசியறியாத அயலார் பலர், இப்பம்பின்பொருட்டே முதன்முதலாக ஒருவர் பெயரை ஒருவர் கேட்டறிந்திருப்பர்.

இனி 1940 டிசம்பர் 29-ஆம் நாள் இரவுக்கு வருவோம். அது கிறிஸ்துமஸ் கழிந்த ஞாயிற்றுக்கிழமை. லண்டனின் நடுவேயுள்ள பழைய வணிகப் பகுதியில் பகலில் பல்லாயிரவர் வேலை செய்வர். இரவில் தங்குவோர் மிகச் சிலர். விடுமுறையானபடியால் அலுவலகங்கள், பண்டகசாலைகள், கோயில்கள் பலவும் பூட்டிக் கிடந்தன. திறவுகோல்கள் உரிமையாளருடன் புறநகர் வீடுகளில் இருந்தன. மாலை ஆறு மணிக்கு மேல் விமானங்கள் வந்து பல்லாயிரக்கணக்கான தீக்குண்டுகளை அப்பகுதியின்மீது தூவின. ஒரு வாளி மணலால் முடிந்துபோயிருக்க வேண்டிய தீ, பூட்டிய கதவுகளுக்குப் பின்னே, பார்ப்பாரின்றி, கூரையிலிருந்து மாடிக்கும் மாடியிலிருந்து தெருவுக்கும் இறங்கிற்று. தீயணைப்போர் வந்து கதவுகளை உடைத்துத் திறந்தபொழுது காலம் கடந்துவிட்டிருந்தது. நிலத்தடி நீர்க்குழாய்கள் குண்டுகளால் உடைந்திருந்தன. தேம்ஸ் நதியோ அவ்விரவில் மிகவும் வற்றியிருந்தது. குழாயை ஏந்திக்கொண்டு சேற்றில் இறங்கியும் போதிய நீர் எட்டவில்லை. புத்தகப் பதிப்பாளர்களின் தெருவாகிய பேட்டர்நாஸ்டர் ரோ எரிந்தது. பல லட்சம் நூல்கள் சாம்பலாயின. நகர மன்றமாகிய கில்ட்ஹால் கூரையிழந்தது. 1666-ஆம் ஆண்டுப் பெருந்தீக்குப் பின் கிறிஸ்டபர் ரென் என்னும் சிற்பி கட்டிய கோயில்களுள் பலவும் அழிந்தன.

ஆனால் அத்தீக்கடலின் நடுவே ரென் கட்டியவற்றுள் மிகப் பெரியதாகிய செயின்ட் பால் பேராலயம் நின்றது. அதைக் காத்தேயாக வேண்டும் என்று பிரதமர் சர்ச்சில் செய்தி அனுப்பினார் என்பர். ஆணை பிறப்பித்ததால் ஆலயம் தப்பியது என்று நாம் எண்ணிவிடலாகாது. அவ்வாலயத்துக்கென்று ஒரு தொண்டர் காவற்குழு இருந்தது. போர் தொடங்கியது முதல் அவர்கள் முறைவைத்து இரவுதோறும் அங்கே விழித்திருந்தனர். கட்டடத்தின் இருண்ட படிகளையும் உள்வழிகளையும் கூரைச் சந்துகளையும் கண்ணைக் கட்டிவிட்டாலும் தடுமாறாதபடி நடந்து பழகியிருந்தனர். அன்றிரவு குவிமாடத்தின் ஈயத் தகட்டில் ஒரு தீக்குண்டு குத்திக்கொண்டு நின்று ஈயத்தை உருக்கத் தொடங்கிற்று. அது உள்ளே விழுந்திருந்தால் மரச் சட்டங்கள் பற்றியிருக்கும். அது வெளிப்புறமாகச் சரிந்து கீழ்மாடத்தில் விழுந்தது. அங்கே அதை அணைத்துவிட்டனர். அது வெளியே விழுந்தது தற்செயல் என்று சிலர் கூறுவர். தெய்வச் செயல் என்று வேறு சிலர் கூறுவர். எதுவாயினும், அது விழுந்த இடத்தில் அதை அணைப்பதற்கு ஆள் இருந்தது தற்செயலன்று. பல மாதங்கள் உறக்கத்தைத் துறந்ததன் பயன் அது.

ஒரே இரவு, ஒரே வானம், ஒரே வகைக் குண்டு. ஓரிடத்தில் ஆள் இருந்தது. மற்றோரிடத்தில் பூட்டு இருந்தது. அவ்விரவின் வேறுபாட்டில் பெரும்பகுதி இதில்தான் அடங்கியிருக்கின்றது.

பூட்டிச் சென்றவர் என்ன குற்றம் செய்தார்? 'கட்டடம் என்னுடையது. பொருள் என்னுடையது. எரிந்தால் நட்டமும் எனக்கே. நான் காவல் வைக்காமற்போனால் அயலானுக்கென்ன?' என்று அவர் வழக்காடலாம். சொத்துரிமை பேசுவோர் வழக்கமாகக் கூறும் நியாயம் இதுவே. இதற்கு விடை தீயிடமே இருக்கின்றது. தீ பத்திரத்தைப் பார்ப்பதில்லை. ஒருவன் சுவருக்கும் அடுத்தவன் சுவருக்கும் இடையே சட்டம் கீறிய கோட்டை அது அறியாது. நம் தோட்டத்து லயங்களில் வாழ்ந்தவர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. பத்து வீட்டுக்கும் கூரை ஒன்று. முதல் வீட்டு அடுப்பங்கரையில் பற்றிய பொறி பத்தாம் வீட்டுக்காரனின் பெட்டி படுக்கைக்குப் பகை. என் வீட்டைக் காவலின்றிப் பூட்டிச் செல்லும் உரிமை எனக்குண்டு என்பதன் பொருள், உன் வீட்டை எரியவிடும் உரிமை எனக்குண்டு என்பதேயாகும். அப்படியோர் உரிமை எவனுக்கும் இருத்தல் இயலாது. ஆகவே அயல் வீட்டுத் தீ அயலானுடைய தீ மட்டுமன்று. அதை அணைப்பது உபகாரமன்று, கடமையே என்பது பெறப்படும்.

இம்முடிவுக்கே பிரிட்டிஷ் அரசாங்கமும் வந்தது. டிசம்பர்த் தீக்குப் பின், 1941 ஜனவரியில், உள்நாட்டு அமைச்சராக இருந்த ஹெர்பர்ட் மாரிசன் தீக்காவலைக் கட்டாயமாக்கினார். 16 முதல் 60 வயது வரையுள்ள ஆடவர் பதிவு செய்துகொண்டு, மாதத்துக்கு 48 மணி நேரம் வரை காவல் புரிய வேண்டும் என்று விதி பிறந்தது. 1942-இல் பெண்களும் அதற்கு உட்படுத்தப்பட்டனர்.

இங்கே இரண்டு தடைகள் எழுகின்றன. முதலாவது, கட்டாயத்தால் செய்வது அறமாகுமா என்பது. மனமுவந்து செய்வதே அறம்; தண்டனைக்கு அஞ்சிச் செய்வது வெறும் கீழ்ப்படிதல் என்பர். மெய்தான். ஆனால் எரியும் பரணில் இருப்பவனுக்கு, நீர் கொணர்பவன் மனமுவந்து வருகின்றானா, விதிக்கு அஞ்சி வருகின்றானா என்று ஆராயப் பொழுதில்லை. சட்டம் நீரைக் கொணரச் செய்யும், அன்பை உண்டாக்காது. அன்புக்குக் காத்திருந்தால் கூரை இராது. மேலும், அஞ்சித் தொடங்கிய பலர் பழகப் பழக மனமுவந்து செய்பவராக மாறுவதும் உலகியல்பே.

இரண்டாவது தடை இதனினும் வலியது. பண்டகசாலையின் முதலாளி தம் புறநகர் மாளிகையில் உறங்குவார். அவரிடம் மாதச் சம்பளத்துக்கு எழுதும் குமாஸ்தா குளிரில் கூரைமேல் விழித்திருப்பான். எரிந்தால் முதலாளிக்குக் காப்பீட்டுப் பணமோ அரசாங்க ஈடோ கிடைக்கும். கூரையிலிருந்து விழுந்தவனுக்கு என்ன கிடைக்கும்? கடமை என்ற சொல் ஏழையின் தலைமீது மட்டும் ஏற்றப்படும்பொழுது அது கடமையன்று, வெட்டி. ஊருக்குப் பொதுவென்று சொல்லி ஒரு சாராரை மட்டும் கூலியின்றி உழைக்க வைத்த வெட்டி வேலையை நம் முன்னோர் நன்கறிவர். ஆகையால் நாம் இங்கே ஒரு நிபந்தனையைக் கூறியேயாக வேண்டும். தீக்காவல் கடமையென்றால் அது அனைவர்க்கும் கடமை. சாவி யாரிடம் இருக்கின்றதோ அவருக்கு முதற்கடமை. காவல் முறையில் முதலாளியின் பெயரும் இருக்குமாயின், குமாஸ்தா தன் முறையை மறுக்க நியாயமில்லை. முதலாளியின் பெயர் இல்லையாயின், அம்முறையைத் திருத்தும்படி போராடுவதும் தீக்காவலின் ஒரு பகுதியேயாகும். ஆனால் அப்போராட்டம் முடியும்வரை கூரையை எரியவிடலாம் என்பது அதனால் பெறப்படாது. ஏனெனில் அக்கூரைக்கு அடுத்த கூரை மற்றோர் ஏழையினுடையது.

தீயணைக்கும் படையினர் நிலைமையும் இதையே காட்டுகின்றது. போருக்குச் சற்று முன்பு, 1938-இல், துணைத் தீயணைப்புப் படை என ஒன்று அமைக்கப்பட்டது. வாடகை மோட்டார் ஓட்டிகள், தையற்காரர், கடைச் சிப்பந்திகள், குமாஸ்தாக்கள், ஓவியர், எழுத்தாளர் எனப் பலதரப்பட்டோர் அதில் சேர்ந்தனர். முழுநேர ஆடவர்க்கு வாரம் 3 பவுன் சம்பளம். பெண்களுக்கு 2 பவுன். போர் மூண்டும் குண்டு விழாதிருந்த முதல் ஆண்டில் ஊரார் இவர்களை இகழ்ந்தனர். பட்டாளத்துக்குப் பயந்து ஒளிந்தவர்கள், சீட்டாடிப் பொழுது கழித்து அரசாங்கப் பணத்தைத் தின்பவர்கள் என்றெல்லாம் பேசினர். பின்னர் 1940 செப்டம்பர் 7 வந்தது. இவர்களுட் பெரும்பாலோர் அதற்குமுன் ஒரு பெருந்தீயையும் நேரிற் கண்டவரல்லர். அன்றிரவு அவர்கள் கண்டதோ மைல் கணக்கில் எரியும் துறைமுகம்.

அத்துறைமுகத்தில் எரிந்தவை எவை என்பதை நம்மவர் அறிந்திருப்பது நன்று. மரக்கிடங்குகள் எரிந்தன. சர்க்கரை உருகி நீர்மேல் எரிந்துகொண்டே மிதந்தது. மிளகு எரிந்த புகை, தீயணைப்போரின் மூச்சில் நெருப்பாய் இறங்கிற்று. தேயிலை எரிந்தது, ரப்பர் எரிந்து, திணறடிக்கும் கரும்புகையைக் கக்கிற்று. அக்காலத்தில் உலகிலேயே மிகுதியாக ரப்பர் விளைந்த நாடு மலாயா. அந்நாட்டுத் தோட்டங்களில் அதைப் பெரும்பாலும் சீவிச் சேர்த்தவர்கள் நம் தமிழ் மக்கள். அதிகாலைப் பனியில் மரத்துக்கு மரம் நடந்து அவர்கள் எடுத்த பால், அட்டையாகிக் கப்பலேறி அந்நகரின் பண்டகசாலைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. செக்ரோலில் பெயரும் கணக்கில் இராத்தலுமாகத் தோட்டத்து ஏடுகளில் எழுதப்பட்ட உழைப்பு அது. அதன் இலாபத்தில் அவர்கள் கண்டது சொற்பம். அது எரிந்த தீயில் புகையை விழுங்கியவர்களோ லண்டனின் சாமானியத் தொழிலாளர்கள். அவர்களுக்கும் அப்பண்டத்தில் பங்கில்லை. பொருளுக்குரியவர் ஒருவர், அதை விளைவித்தவர் ஒருவர், அது எரியும்பொழுது உயிரைக் கொடுத்தவர் வேறொருவர். விளைவித்தவனும் அணைத்தவனும் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஆயினும் அவ்விருவரையும் ஒரே தட்டில் வைத்துப் பார்ப்பதில் தவறில்லை என்பது நம் எண்ணம்.

இகழ்ந்த வாய்களே ஒரு திங்களுக்குள் புகழத் தொடங்கின. தீயணைப்பு வண்டி தெருவில் செல்லும்பொழுது மக்கள் ஆரவாரித்தனர். அவர்கள் புகழுக்கு எத்துணை விலை கொடுத்தனர் என்பதற்குச் சான்றுகள் உள. 1940 செப்டம்பர் 20-ஆம் நாள் இரவு, பெர்மான்ட்சி என்னும் பகுதியில் ஆறு பெருந்தீக்கள் எரிந்துகொண்டிருக்கையில், கில்லியன் டானர் என்னும் இளம் பெண், 150 காலன் பெட்ரோல் ஏற்றிய லாரியைக் குண்டு மழையினூடே தீயிலிருந்து தீக்கு ஓட்டிச் சென்று, பம்பு இயந்திரங்கள் நின்றுவிடாமற் காத்தார். அவருக்கு ஜார்ஜ் பதக்கம் அளிக்கப்பட்டது. வாரம் 2 பவுன் என்று பெண்ணின் உழைப்பை மதிப்பிட்ட உலகத்துக்கு அவ்விரவே தக்க விடை. 1941 ஏப்ரல் 19-ஆம் நாள் இரவு, பாப்லர் பகுதியில் தீயணைப்பு நிலையமாக மாற்றப்பட்டிருந்த ஒரு பள்ளிக்கூடத்தின்மேல் குண்டு விழுந்து, 2 பெண்கள் உட்பட 34 பேர் மாண்டனர். அவர்களுள் 21 பேர் லண்டன் படையைச் சேர்ந்தவரே அல்லர். நகர்க்கு வெளியே பெக்கன்ஹாம் என்னும் ஊரிலிருந்து துணைக்கு வந்தவர்கள். தம் ஊர் அல்லாத ஊரின் தீயை அணைக்க வந்து உயிர்விட்ட அவர்களிடம், 'இது உங்கள் தீயா?' என்று கேட்டிருந்தால் என்ன கூறியிருப்பர்? கேள்வியே அவர்களுக்கு விளங்கியிராது என்று நாம் நினைக்கின்றோம்.

நாணயமாகப் பேசுவதாயின் மறுபக்கத்தையும் கூற வேண்டும். 'எரிகிற வீட்டில் பிடுங்கியது இலாபம்' என்று நம்மிடையே ஒரு பழமொழி வழங்குகின்றது. அது தமிழர்க்கு மட்டும் உரிய அனுபவமன்று. லண்டனிலும் இடிந்த வீடுகளிலும் எரிந்த கடைகளிலும் கொள்ளையடித்தோர் இருந்தனர். தீயணைப்புச் சீருடை அணிந்தவருள்ளும் சிலர் அக்குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டனர். ஆபத்து மனிதனைத் தானாகவே உயர்த்திவிடுவதில்லை. அவனிடம் முன்னரே இருந்ததை வெளிக்கொணர்கின்றது, அவ்வளவே. ஆகவேதான் குண்டு விழுந்தபின் அறம் கற்பிக்க இயலாது. வீடு பற்றியெரியும்பொழுது கிணறு வெட்டுவதற்கு ஒப்பாகும் அது.

இனி மற்றொரு முடிச்சு. எல்லாத் தீயையும் அணைப்பது கடமையென்றோம். எல்லாவற்றுக்கும் நீர் போதாதபொழுது எதை எரியவிடுவது? 1941 மே 10-ஆம் நாள் இரவு இக்கேள்வி கொடிய வடிவில் வந்தது. அவ்வோர் இரவில் 1,400-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அன்றும் தேம்ஸ் வற்றியிருந்தது. பாராளுமன்றக் கட்டடத்தில் மக்கள் சபை மண்டபமும், அதையடுத்து 14-ஆம் நூற்றாண்டு முடிவில் அமைக்கப்பட்ட மரக்கூரையையுடைய வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபமும் ஒருங்கே பற்றின. இரண்டையும் காக்க நீரில்லை. அங்கிருந்த வால்ட்டர் எலியட் என்னும் சபை உறுப்பினர், பழைய மண்டபத்தையே காக்குமாறு கூறினார். அவ்வாறே செய்தனர். அவர் உட்கார்ந்து பேசிய சபை மண்டபம் முற்றும் எரிந்தது. பின்னர் அது மீண்டும் கட்டப்பட்டு 1950-இல் திறக்கப்பட்டது. பழைய கூரை எரிந்திருந்தால் அதைப்போல் ஒன்றைச் செய்திருக்கலாம். அதையே மீண்டும் செய்திருக்க இயலாது.

மீண்டும் ஆக்கவியலாததை முதலிற் காக்க வேண்டும் என்பது இதிலிருந்து பெறும் நெறி. இந்நெறி நன்றே, ஆனால் இதைக் கல்லுக்கும் மரத்துக்கும் மட்டும் பொருத்துவோமாயின் வழுக்கி விழுவோம். மீண்டும் ஆக்கவியலாததில் முதன்மையானது மனித உயிர். அதற்கடுத்தது எது என்று கேட்டால், யாருக்கு என்று திருப்பிக் கேட்க வேண்டும். செல்வனுடைய மாளிகை எரிந்தால் அவன் மற்றொன்று கட்டுவான். ஏழையின் ஓரறை வீடு எரிந்தால், அவன் வாழ்நாளில் அதை மீண்டும் ஆக்க இயலாமற் போகலாம். ஆகவே விலையை வைத்து வரிசை வகுப்பது தவறு. இழந்தவனால் மீட்க இயலுமா என்பதை வைத்தே வகுக்க வேண்டும். வரலாற்றுச் சின்னத்தையும் வறியவன் குடிசையையும் ஒருசேரக் காப்பதற்கு இந்த அளவுகோல் ஒன்றே உதவும் என்பது நம் கருத்து.

இந்த அளவுகோலை முற்றும் கடைப்பிடித்த ஒரு செயலை, லண்டனில் அன்று, லண்டனின் பகைவர் நாட்டிலேயே காண்கின்றோம். 1944 அக்டோபர் 15-ஆம் நாள் பிரிட்டிஷ் விமானங்கள் ஜெர்மனியிலுள்ள பிரவுன்ஷ்வைக் நகரைத் தீக்கிரையாக்கின. பழைய நகரத்தின் நடுவே நிலவறைகளிலும் காப்பறைகளிலும் சுமார் 23,000 பேர் சிக்கியிருந்தனர். சுற்றிலும் எரியும் தெருக்கள். வெப்பமும் புகையும் அவர்களைக் கொன்றுவிடும் நிலை. தீயணைப்போர் கட்டடங்களைக் காக்கும் எண்ணத்தை விட்டனர். குழாய்களை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து, இருபுறமும் நீரைத் தூவித் தூவி, நெருப்பினூடே நீராலான ஒரு தெருவை உண்டாக்கி முன்னேறினர். அத்தெருவின் வழியே அம்மக்கள் நடந்து வெளியேறினர். நகரம் எரிந்தது, மக்கள் பிழைத்தனர்.

இதைப் படித்தபின் யாருக்குப் பகை, யாருக்கு நட்பு என்று கூறுவோம்? லண்டனில் தீயை அணைத்தவரைப் போற்றிய அதே நாடு, ஹாம்பர்க்கிலும் பிரவுன்ஷ்வைக்கிலும் தீ மூட்டியது. 1943 ஜூலை 27-ஆம் நாள் இரவு ஹாம்பர்க்கில் தனித்தனித் தீக்கள் ஒன்றுகூடிச் சூறைத்தீயாயின. மேலெழுந்த வெங்காற்றின் இடத்தை நிரப்ப நாற்புறமிருந்தும் புயல்போல் காற்றுப் பாய்ந்து மனிதரை நெருப்புக்குள் இழுத்தது. 1945 மார்ச் 9-ஆம் நாள் இரவு அமெரிக்க விமானங்கள் டோக்கியோவில் மூட்டிய தீயில் சுமார் 1,00,000 பேர் மாண்டனர். அத்தகைய தீக்கு முன்னால் எந்தப் படையும் எதுவும் செய்ய இயலாது. மனிதன் மூட்டக் கற்ற அளவுக்கு அணைக்கக் கற்கவில்லை. ஆகையால் தீயணைத்த வீரரைப் புகழ்வது, தீ மூட்டியவரின் குற்றத்தை மறைக்கும் திரையாகிவிடலாகாது. தன் நகரத்து வீரனுக்குச் சிலையெடுத்துவிட்டு, பிறர் நகரத்தை எரிக்க விமானம் அனுப்புகின்றவர்கள், அச்சிலையின் பொருளை அறியாதவர்கள்.

'அப்படியாயின் அணைப்பது வீண் அன்றோ? இன்று அணைத்தால் நாளை மூட்டுவான்' என்போர் உளர். லண்டனில் 57 இரவுகள் அப்படித்தான் நடந்தது. நேற்றுக் காத்த தெரு இன்று எரிந்தது. ஆனால் நேற்று அத்தெருவிலிருந்து வெளியேறிய குழந்தை இன்று வேறோர் இடத்தில் உயிரோடிருந்தது. அணைத்தவன் போரை வெல்லவில்லை; வெல்வது அவன் வேலையுமன்று. போரில் ஆயுதமெடுத்துக் கொல்ல மறுத்தவர்களுட் சிலர் தீயணைப்புப் பணியை ஏற்றதன் காரணமும் இதுவே. எரிக்கப்படுவதை எரியாமற் காப்பது எந்தக் கட்சிக்கும் உரியதன்று. அது மனிதகுலத்துக்குப் பொதுவான வேலை. லண்டனில் செயின்ட் பால் பேராலயத்தின் அருகே 1991-இல் தீயணைப்போர்க்கு ஒரு நினைவுச் சின்னம் நிறுவப்பட்டது. போரில் மாண்ட ஆடவர் பெண்டிரின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களுள் எவரும் யாரையும் கொல்வதற்காக அங்கே சென்றவரல்லர்.

அறம் ஆர்வத்தில் மட்டும் அடங்குவதன்று, ஏற்பாட்டிலும் அடங்கியிருக்கின்றது என்பதற்கும் அப்போரே சான்று. பிரிட்டனில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊர்ப் படைகள் தனித்தனியே இருந்தன. துணைக்கு வந்த படையின் குழாய் முனை ஊர்ப்படையின் நீர்வாயில் பொருந்தாமற்போன இடங்களுண்டு. மனம் பொருந்தியும் குழாய் பொருந்தவில்லை! 1941 ஆகஸ்டில் அவையெல்லாம் ஒரே தேசியப் படையாக்கப்பட்டன. போர் முடிந்தபின் 1948-இல் அவை மீண்டும் மாவட்ட ஆட்சிகளிடம் ஒப்படைக்கப்பட்டன; ஆயினும் ஒன்றுபட்டுக் கற்ற பாடம் வீணாகவில்லை.

நம் வாழ்வுக்கு வருவோம். நம்முள் பெரும்பாலோர் தலைமேல் குண்டு விழக் கண்டவரல்லர், காணாமலே இருப்போமாக. ஆயினும் தோட்டத்திலும் பட்டணத்திலும் நாம் ஒட்டிய சுவர்களோடும் ஒன்றிய கூரைகளோடும்தான் வாழ்கின்றோம். நாம் வசிக்கும் வரிசையில் நீர்த்தொட்டி நிரம்பியிருக்கின்றதா? பொதுக் கிடங்கின் சாவி இரவில் யாரிடம், அவர் எங்கே உறங்குகின்றார் என்பது எல்லோர்க்கும் தெரியுமா? அடுத்த வீட்டுப் பாட்டியால் தானாக நடக்க இயலாது என்பதை நாம் அறிவோமா? அவரைத் தூக்கிவர யாரென்று முன்னரே பேசி வைத்திருக்கின்றோமா? அவர் எந்தச் சாதி, எந்தச் சங்கம், யார் பக்கத்து ஆள் என்ற கணக்கை அன்றைக்குப் பார்க்காதிருப்போம் என்று எல்லோரும் சொல்வர். அன்றைக்குப் பார்க்காதிருக்க வேண்டுமானால் இன்றைக்கே பார்ப்பதை விட வேண்டும். இன்று அவர் வாசலை மிதிக்காதவன், புகை சூழ்ந்த இரவில் அவ்வீட்டின் உள்வழியை எப்படி அறிவான்?

நம்போன்ற கிராணிகளும் கடைக் கணக்கர்களும் ஆசிரியர்களும் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். பெரும்பாலும் பிறருடைய சாவி நம் கையில்தான் இருக்கின்றது. பொருள் நமதன்று, ஆகையால் பொறுப்பும் நமதன்று என்று வீடு செல்வது எளிது. அக்கதவுக்குப் பின்னே தீ பற்றினால் அது முதலாளியோடு நிற்காது என்பதை மேலே கண்டோம். சாவி வைத்திருப்பவர், தாம் இல்லாதபொழுது அது யாரிடம் கிடைக்கும் என்பதைச் சொல்லிவிட்டுச் செல்வதற்குச் சட்டமும் வேண்டியதில்லை, தியாகமும் வேண்டியதில்லை. ஒரு வார்த்தை போதும். வரும் ஞாயிற்றுக்கிழமை, ஒவ்வொரு வரிசையிலும் மூன்று பேர் கூடிப் பேசட்டும்: பம்பு அடிப்பவர் யார், குழாய் பிடிப்பவர் யார், நீர் கொணர்பவர் யார் என்று.